மாகாவின் மேடு

முதுகலை படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் க. கைலாசபதியின் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலை முதன்முதலில் வாசித்தேன். 1968இல் வெளிவந்த அந்நூல் சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் வீரப்பாடல்களுக்கு அருகில் நிறுத்திப் பார்க்கிறது. அது பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் செய்யப்பட்ட ஆய்வு. தாம்சன் கிரேக்கப் பேராசிரியர்; மார்க்சியர்; அதற்கும் முன்னதாக, ஐரிஷ் மொழியைக் கற்று, கால்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கத்தை ஐரிஷ் வழியாகவே பயிற்றுவித்தவர். வெட்சியும் கரந்தையும் படித்துவந்த எனக்கு, ஐரோப்பாவின் மேற்கோரத் தீவொன்றிலும் ஆநிரை கவர்தலே ஒரு பெருங்கதையின் பொருளாக இருக்கிறது என்ற செய்தி அன்று பெரிய வியப்பைத் தந்தது. அந்த வியப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு தாமஸ் கின்செல்லாவின் ‘டாயின்’ மொழிபெயர்ப்புக்கு (1969) வந்தேன். அக்கதைகளில் அடிக்கடி வரும் அரசிருக்கையின் பெயர் எவின் மாகா. அது கற்பனை ஊர் அன்று, இன்றும் ஏறிப்பார்க்கக்கூடிய ஒரு மண்மேடு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். நான் அயர்லாந்துக்குப் போனதில்லை. இக்கட்டுரை முழுக்க வாசிப்பின் வழி எழுதப்படுவது.

வட அயர்லாந்தில் ஆர்மா நகருக்கு மேற்கே இரண்டரை கிலோமீட்டர் அளவில் ஒரு தாழ்ந்த குன்று. அதன் உச்சியைச் சுற்றிச் சுமார் 250 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டமான மண்கரையும் அகழியும். உள்ளே, நடுவிலிருந்து சற்றே விலகி, 40 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள ஒரு புல்மேடு. அதனருகே தேய்ந்துபோன இன்னொரு வட்டம். அவ்வளவுதான். மதில் இல்லை, வாயில் இல்லை, எழுத்துப் பொறித்த கல்லும் இல்லை. நிலப்படங்களில் இதன் பெயர் நாவன் கோட்டை.

கோட்டை என்ற சொல்லில்தான் முதல் சிக்கல். அரண் அமைப்பவர்கள் அகழியை வெளியே வெட்டி, தோண்டிய மண்ணை உள்பக்கம் கரையாகக் குவிப்பார்கள். வருகிற பகைவன் முதலில் பள்ளத்தில் இறங்க வேண்டும், பிறகு மேட்டில் ஏற வேண்டும். நாவனில் எல்லாம் தலைகீழ். கரை வெளியே இருக்கிறது. அகழி உள்ளே இருக்கிறது. பகைவன் கரைமேல் ஏறி நின்றுகொண்டு, கீழே பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் காவலரை நோக்கி எறியலாம். இப்படியொரு கோட்டையைக் கட்டிய மன்னனைப் பைத்தியக்காரன் என்றே சொல்ல வேண்டும். அல்லது கட்டியவர்கள் வெளியிலிருந்து வரும் எதையும் தடுக்க எண்ணவில்லை. உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று வெளியே வந்துவிடாமல், அல்லது அதன் எல்லை மயங்கிவிடாமல், பிரித்துவைக்க எண்ணினார்கள் என்று கொள்ள வேண்டும். தொல்லியலாளர்கள் இரண்டாவதைத்தான் கொள்கிறார்கள்.

பெயரைப் பார்ப்போம். பழைய ஐரிஷ் மொழியில் எழுதும்போது ‘எமின்’. உச்சரிக்கும்போது மகரம் வகரமாகி ‘எவின்’. இதற்குச் சார்படைச் சொல் முன்னே சேர்ந்து, அதன் னகரம் பெயரோடு ஒட்டிக்கொள்ள, ஆங்கிலேயர் காதில் அது ‘நாவன்’ ஆயிற்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில் அயர்லாந்துப் பகுதியில் வரும் ‘இசம்னியன்’ என்ற பெயரும் இதன் முன்வடிவமே என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். ஆனால் இடைக்கால ஐரிஷ் புலவர்களுக்கு இந்த ஒலிமாற்றக் கணக்கெல்லாம் போதவில்லை. அவர்களிடம் இடப்பெயர்களுக்குக் கதை சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருந்தது; அதன் பெயர் ‘டின்ஹென்கஸ்’. தலபுராணம் என்று நாம் சொன்னால் பெரும்பாலும் பொருந்தும். அந்த மரபு எவின் மாகாவுக்கு ஒன்றல்ல, பல கதைகளைத் தருகிறது. அவற்றில் ஒன்று உலக இலக்கியத்தின் மிகக் கொடிய கதைகளுள் ஒன்று என்பது என் எண்ணம்.

மலைப்பகுதியில் குருனியுக் என்றொரு வசதியான குடியானவன் இருந்தான். மனைவி இறந்துபோனாள். ஒருநாள் யாரென்று தெரியாத ஒரு பெண் வீட்டுக்குள் வந்தாள். ஒரு சொல்லும் பேசவில்லை. அடுப்பருகே அமர்ந்தாள், வீட்டுவேலைகளைத் தன்னுடையவைபோலச் செய்தாள், இரவானதும் வலமாகச் சுற்றிவந்து அவனருகே படுத்தாள். வீடு செழித்தது, அவள் கருவுற்றாள். அல்ஸ்டர் மக்களின் பெருவிழாக் கூட்டம் வந்தது. கணவன் புறப்பட்டபோது, அங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். விழாவில் அரசனின் குதிரைகள் எல்லாப் பந்தயத்திலும் வென்றன. இவற்றை வெல்ல எதுவும் இல்லை என்று கூட்டம் ஆர்த்தபோது குருனியுக்கால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. என் மனைவி இவற்றைவிட வேகமாக ஓடுவாள் என்றான். அரசன் அவனைப் பிடித்துவைத்து அவளுக்கு ஆளனுப்பினான்.

அவள் வந்தபோது பேறுகாலம் நெருங்கி வலி கண்டிருந்தது. சற்றுத் தவணை கேட்டாள். ஓடாவிட்டால் கணவனின் உயிர் போகும் என்றார்கள். அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி, உங்கள் ஒவ்வொருவரையும் ஒரு தாய்தானே பெற்றாள் என்று முறையிட்டாள். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. அவள் ஓடினாள். தேர் வந்து சேர்வதற்கு முன்னரே எல்லையைத் தொட்டாள். அங்கேயே விழுந்து இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். ‘எமின்’ என்ற சொல்லுக்கு இரட்டையர் என்று பொருள். வலியில் அவள் கதறிய குரலைக் கேட்ட ஆண்கள் எல்லோரும், அவர்களின் வழித்தோன்றல்கள் ஒன்பது தலைமுறை வரையிலும், தங்களுக்கு வலிமை மிகமிகத் தேவைப்படும் வேளையில், ஐந்து பகலும் நான்கு இரவும் பிள்ளை பெறும் பெண்ணின் வேதனையில் கிடப்பார்கள் என்று சபித்தாள். அவள் பெயர் மாகா.

இந்தச் சாபம் வெறும் அலங்காரமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அல்ஸ்டர் கதைத்தொகுதி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. கொனாக்ட் நாட்டு அரசி மேவ் ஒரு காளையைக் கவர்வதற்காகப் படையெடுத்து வருகிறாள். அப்போது அல்ஸ்டரின் மாவீரர்கள் எல்லோரும் படுக்கையில் முனகிக்கொண்டிருக்கிறார்கள். சாபம் தீண்டாதவன் கூ குலின் ஒருவன். இளைஞன், தாடி முளைக்காதவன். அவன் ஆற்றுத்துறைகளில் நின்று ஒருவர் பின் ஒருவராக வந்த கொனாக்ட் வீரர்களைத் தனியே எதிர்கொள்வதுதான் ‘டாயின்’. ஐரிஷ் மொழியின் முதன்மையான வீரகாவியம், ஒரு கருவுற்ற பெண்ணுக்கு ஒரு நாட்டின் ஆண்கள் செய்த கொடுமையைத் தன் அடித்தளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நாட்டின் தலைநகரும் அக்கொடுமை நடந்த இடத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. கொன்கோவர் மன்னனின் அவை, செங்கிளை மாளிகை, டீர்ட்ரியைக் காதலித்ததற்காக வஞ்சிக்கப்பட்ட மூன்று சகோதரர்கள் என்று எவின் மாகாவின் பெருமையும் சிறுமையும் பின்னர் எவ்வளவோ பாடப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கதறல் இருக்கிறது.

வேறொரு மாகாவும் உண்டு. செங்கூந்தல் மாகா. தந்தையின் ஆட்சியுரிமையைப் பெண் என்பதால் மறுத்தவர்களைப் போரில் வென்று, அவர்களைக் கொல்லாமல் அடிமைகளாக்கி, கழுத்தில் அணிந்திருந்த ஊசியை எடுத்துத் தரையில் வட்டம் கீறி, இந்தக் கோட்டின்மேல் எனக்குக் கோட்டை எழுப்புங்கள் என்றாளாம். ‘எவ்’ என்றால் ஊசி, ‘முயின்’ என்றால் கழுத்து, சேர்த்தால் எவின். சொல்லிலக்கணமாக இது தேறாது. ஆனாலும் ஒருத்தி ஓடி முடித்த வட்டம், இன்னொருத்தி ஊசியால் கீறிய வட்டம் என்று இரு கதைகளிலும் வட்டம் இருப்பதை நான் தற்செயலென்று ஒதுக்க விரும்பவில்லை. கதை சொன்னவர்கள் அந்த மண்கரையை நேரில் பார்த்திருக்கிறார்கள்.

இனி மண்ணுக்கு அடியில் இருப்பது.

டட்லி வாட்டர்மன் என்ற தொல்லியலாளர் 1961 முதல் 1971 வரை இங்கே அகழாய்வு செய்தார். 1979இல் அவர் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளையும் வரைபடங்களையும் கொண்டு கிறிஸ் லின் தொகுத்த முழு அறிக்கை 1997இல்தான் வெளிவந்தது. பெரிய மேட்டின் அடியில் முதலில் கிடைத்தவை வட்டமான மரக்கட்டடங்களின் சுவடுகள். சில நூற்றாண்டுகள் ஒரே இடத்தில், ஒரே வடிவில், மீண்டும் மீண்டும் கட்டப்பட்டவை. இந்த அடுக்கில்தான் யாரும் எதிர்பாராத ஒரு பொருள் கிடைத்தது: ஒரு குரங்கின் மண்டையோடு. அயர்லாந்தில் குரங்கு கிடையாது. இது வட ஆப்பிரிக்காவின் பார்பரிக் குரங்கு. கி.மு. இறுதி நூற்றாண்டுகளில் ஜிப்ரால்டர் நீரிணைக்கு அப்பாலிருந்து கப்பல் மாறிக் கப்பல் மாறி, பெரும்பாலும் ஒரு தலைவனுக்கான பரிசாக, இந்தப் பச்சைக் குன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மழையும் குளிருமான இந்த ஊரில் அது எத்தனை நாள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் விந்தை. பழைய கட்டடங்கள் அகற்றப்பட்டு, அதே இடத்தில் ஏறக்குறைய 40 மீட்டர் அகலத்தில் ஒரு மாபெரும் வட்டக்கூடம் எழுந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். ஏறத்தாழ 270 ஓக் மரத்தூண்கள். நட்ட நடுவே, சரிவாகத் தோண்டிய வழியில் இழுத்துவந்து நிமிர்த்திய ஒரு பெருந்தூண். அந்த நடுத்தூணின் அடிக்கட்டை ஈரமண்ணில் மக்காமல் கிடந்தது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் முறை பெல்ஃபாஸ்டின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது இங்கே உதவிற்று. அம்மரம் வெட்டப்பட்டது கி.மு. 95இன் பிற்பகுதியில் அல்லது 94இன் தொடக்கத்தில். வரலாற்றுக்கு முந்தைய அயர்லாந்தில் ஒரு கட்டடத்துக்கு இவ்வளவு துல்லியமாக ஆண்டு சொல்ல முடிவது அரிது.

அந்தக் கூடத்தில் அடுப்பு இல்லை. குடியிருந்த தடம் இல்லை. கட்டி முடித்த சிறிது காலத்துக்குள், தூண்கள் நின்றுகொண்டிருக்கும்போதே, உள்ளே சுண்ணாம்புக்கற்களைக் கொண்டுவந்து கொட்டி நிரப்பினார்கள். ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்துக்குக் கற்குவியல். அதன் மேற்பரப்பைப் பார்த்தால் தேர்ச்சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நடுவிலிருந்து விளிம்புவரை பிரிக்கப்பட்டிருந்தது. பிறகு வெளிச்சுவரைச் சுற்றிச் சுள்ளிகளை அடுக்கித் தீ வைத்தார்கள். தீ அடங்கிய பின், புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் எல்லாவற்றையும் மூடி மேடாக்கினார்கள். கல்லுக்குள் புதைந்த தூண்கள் நின்றபடியே உளுத்துப்போயின. அவை நின்ற இடங்கள் மட்டும் கற்குவியலுக்குள் குழிகளாக எஞ்சின.

ஆக, நாம் கோட்டை என்று சொல்வது, மூடி வைப்பதற்காகவே கட்டப்பட்ட ஒரு கட்டடம். கட்டியதும் நிரப்பியதும் எரித்ததும் மூடியதும் ஒரே செயலின் படிகள் என்றுதான் தோன்றுகிறது. இது சடங்கு என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை. என்ன சடங்கு என்பதில்தான் ஊகங்கள். நடுத்தூண் உலகின் அச்சு என்கிறார்கள் சிலர். கல், மரம், மண் ஆகிய மூன்றையும் அடுக்கியது விண்ணையும் நிலத்தையும் கீழுலகையும் குறிக்கும் என்கிறார்கள். எனக்கு இத்தகைய குறியீட்டு விளக்கங்களில் ஓரளவுக்கு மேல் நம்பிக்கை இல்லை. எந்த மேட்டுக்கும் பொருத்திவிடலாம். ஆனால் இந்த ஒன்றை மறுக்க முடியாது. 270 ஓக் மரங்களை வெட்டி, வண்டி வண்டியாகக் கல் சுமந்து, பல வயல்களின் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டுவந்து போட்டவர்கள் தங்கள் கையால் தங்கள் கட்டடத்தை எரித்தார்கள். பகைவர் யாரும் வரவில்லை.

ஆண்டுக்குறிப்பேடுகள் வேறு மாதிரி சொல்கின்றன. கொல்லா என்று ஒரே பெயர் கொண்ட மூன்று சகோதரர்கள் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எவின் மாகாவை எரித்து அழித்ததாகவும், அத்துடன் அல்ஸ்டரின் பெருமை முடிந்ததாகவும் அவை எழுதுகின்றன. மேட்டுக்கு அடியில் உண்மையாகவே ஒரு பெருந்தீயின் கரி இருக்கிறது. ஆனால் அது நானூறு ஆண்டுகள் முற்பட்டது, வைத்தவர்களும் வேறு. எரிந்தது என்ற நினைவு மட்டும் வந்து, யார் எரித்தார்கள் என்பது வழியில் தொலைந்ததா? அல்லது அரச குலங்களின் பிற்காலத் தேவைக்காகப் புனைந்த கதை, தற்செயலாகக் கரியோடு ஒத்துப்போனதா? கொல்லா சகோதரர் கதையை வரலாற்றறிஞர்கள் பெரிதும் ஐயுறுகிறார்கள் என்பதால் இரண்டாவதே வலுவானது என்று கொள்கிறேன், மனமில்லாமல்.

இங்கே ஒரு பழைய விவாதத்தைச் சொல்ல வேண்டும். கென்னத் ஜாக்சன் 1964இல் அல்ஸ்டர் கதைகளை இரும்புக்காலத்தின் மீது திறக்கும் சன்னல் என்றார். ரோமானியர் கால்படாத அயர்லாந்தில், கிறித்தவத்துக்கு முந்தைய கெல்டிய வாழ்வு வாய்மொழியாகக் காக்கப்பட்டு, 12ஆம் நூற்றாண்டை ஒட்டிய சுவடிகளில் இறங்கியது என்பது அவர் வாதம். பாடல்களை வைத்துச் சமூக வரலாறு எழுதிப் பழகிய நமக்கு இது உடனே பிடித்துப்போகும். பின்னர் ஜே. பி. மல்லோரி கதைகளில் வரும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து அகழாய்வுப் பொருட்களோடு வைத்துப் பார்த்தார். அயர்லாந்தில் கிடைத்த இரும்புக்கால வாள்கள் குட்டையானவை. கதையின் வாள்களோ நீண்டவை, ஓங்கி வெட்டத் தக்கவை. கதைகளில் வெள்ளி தாராளமாகப் புழங்குகிறது. இரும்புக்கால அயர்லாந்தில் அது இல்லை. அதாவது துறவிகள் தங்கள் கண்முன் இருந்த உலகைக் கொண்டே பழைய உலகைப் புனைந்திருக்கிறார்கள். சன்னல் என்று நினைத்தது பெரும்பகுதி ஓவியம். மல்லோரியின் முறையை நம்முடைய இலக்கிய மாணவர்கள் கற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனாலும் ஓவியம் வரைந்தவர்கள் ஏன் இந்த மேட்டைத் தேர்ந்தார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. வட்டாரப் பெயர்களைப் பார்த்தால் நினைவு என்பது எவ்வளவு வளைந்து நெளிந்து நடக்கிறது என்று தெரியும். நாவனுக்கு அருகே கிரீவ்ரோ என்று ஒரு சிற்றூர்ப்பகுதி; செங்கிளை என்ற மாளிகைப் பெயரின் ஆங்கிலத் திரிபு. இன்னும் சற்று மேற்கே ‘அரசனின் லாயம்’ என்றொரு குட்டை. அல்ஸ்டர் மன்னர்கள் இங்கேதான் குதிரைகளைக் குளிப்பாட்டினார்கள் என்பது ஊர்க்கதை. 1975இல் தோண்டியபோது அது கி.மு. 1000ஐ ஒட்டிய காலத்தில் மனிதர் வெட்டிய குளம் என்று தெரிந்தது. உள்ளே விலங்கெலும்புகள், மான்கொம்புகள், வாள் வார்க்கும் களிமண் அச்சுகள். இவற்றோடு ஓர் இளைஞனின் மண்டையோட்டிலிருந்து வெட்டியெடுத்த முகப்பகுதி. குதிரை இல்லை. ஆனால் அந்தக் குட்டை சாதாரணக் குட்டையல்ல, அரசர்களோடு தொடர்புடையது என்று ஊரார் சொன்னதில் பிழை காண முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் மேலே ஒரு குன்றில் அதே காலத்துக் கோட்டை ஒன்று, நிஜமான அரண், இருக்கிறது. அதற்குப் பழம்பெயர் எதுவும் மிஞ்சவில்லை. பிற்காலக் குடும்பம் ஒன்றின் பெயரால் ஹாகி கோட்டை எனப்படுகிறது. கோட்டையாக இருந்ததைக் கதை மறந்துவிட்டது, கோட்டையாக இல்லாததைக் கோட்டையாக்கி நினைவில் வைத்துக்கொண்டது.

தெற்கே, ஆர்மா மாவட்டத்தின் எல்லைப்புறத்தில் டார்சி என்ற நீண்ட மண்கரை உண்டு. பெயரின் பொருள் வாயில்கள். அங்கே கிடைத்த மரங்களிலும் நாவனின் பெருந்தூணை ஒட்டிய காலத்தில் வெட்டப்பட்டவை உண்டு. இதைப்போன்ற எல்லைக்கரைகளைக் ‘கரும்பன்றியின் அகழி’ என்கிறார்கள். மந்திரம் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியர் பிள்ளைகளை விலங்குகளாக மாற்றி விளையாடினாராம். ஊரார் சூழ்ச்சியால் அவரே பன்றியாகி, திரும்ப மாற முடியாமல், வெறிகொண்டு முகத்தால் நிலத்தைக் கிழித்தபடி நாடு நெடுக ஓடினாராம். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இக்கதையை இதற்குமேல் விரிக்க விரும்பவில்லை.

கிறித்தவம் வந்தபோது பேட்ரிக் தம் தலைமைத் திருச்சபையை நிறுவியதாக மரபு சொல்லும் இடம், மாகாவின் உயர்மேடு என்று பொருள்படும் ஆர்மா. நாவனிலிருந்து கூப்பிடு தூரம். பழைய தெய்வப்பெண்ணின் பெயரையே ஐரிஷ் திருச்சபையின் தலைமையிடம் இன்றுவரை சுமக்கிறது. கி.பி. 800ஐ ஒட்டி எழுந்த ஒரு துறவிப் புலவரின் நூல்முகம், எவின் போன்ற அரசிருக்கைகள் பாழாகிவிட்டன, மடங்கள் செழிக்கின்றன என்று வெற்றிக்குரலில் சொல்கிறது. ஆனால் வென்றவர்களும் அந்த மேட்டை விட்டுவிடவில்லை. 1005இல் பேரரசன் பிரியன் போரு வடக்கே வந்தபோது அங்கே பாசறை அமைத்தான். 1387இல் நியால் ஓ’நீல் கற்றோரையும் புலவரையும் உபசரிக்க எவின் மாகாவில் ஒரு வீடு கட்டினான் என்று குறிப்பேடு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக யாரும் வாழாத இடத்தில் ஒரு சிற்றரசன் புலவர்களுக்கு விருந்து வைக்கிறான். பழைய கொன்கோவரின் அவையில் நான் அமர்ந்திருக்கிறேன் என்று அறிவிக்கும் முயற்சி அது. புலவர்களுக்கு அது புரிந்திருக்கும், அதற்காகத்தானே விருந்து.

இந்த ஆசை 20ஆம் நூற்றாண்டில் குருதிக்கறை பெற்றது. 1916 டப்ளின் எழுச்சியின் நினைவாக, எழுச்சியின் தலைமையிடமாயிருந்த தலைமை அஞ்சலகத்தில் 1935இல் வைக்கப்பட்டது, சாகும்போதும் தன்னைக் கல்தூணில் கட்டிக்கொண்டு நின்றபடி சாகும் கூ குலினின் வெண்கலச் சிலை. ஆலிவர் ஷெப்பர்டு செய்தது. ஐரிஷ் விடுதலைக்கு உயிர்நீத்தவர்களின் குறியீடாக அவன் ஆனான். அரைநூற்றாண்டு கழித்து, பிரிட்டனோடு இருக்கவேண்டுமென்று ஆயுதம் தாங்கிய மறுதரப்பார் கிழக்கு பெல்ஃபாஸ்டின் சுவர்களில் அதே சிலையைப் பார்த்து அதே வீரனை வரைந்தார்கள். தெற்கிலிருந்து வந்த படையை எதிர்த்து அல்ஸ்டரைத் தனியாகக் காத்தவன் அல்லவா அவன்? கதைப்படி பார்த்தால் அவர்கள் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஒரே வீரனை முன்னிறுத்தி இரு பக்கமும் கொன்றார்கள். சாபமிட்டவளை எந்தத் தரப்பும் சுவரில் வரைந்ததாக நான் அறியவில்லை.

1921இல் எல்லை போடப்பட்டபோது நாவன் வட அயர்லாந்தில் நின்றது. மேட்டுக்கு உண்மையான ஆபத்து வந்தது படையிடமிருந்தன்று, சுண்ணாம்புக்கல் குவாரியிடமிருந்து. குன்றின் பக்கத்திலேயே வெடிவைத்துத் தோண்டிக்கொண்டு வந்த பள்ளம் மண்கரையை நெருங்கியது. இன்னும் விரிவாக்க அனுமதி கேட்கப்பட்டது. அறிஞர்களும் ஊராரும் ‘நாவனின் நண்பர்கள்’ என்று திரண்டார்கள். 1985இல் பொது விசாரணை நடந்து, விரிவாக்கம் நிறுத்தப்பட்டது. உள்நாட்டுக் கலவரத்தின் உச்சத்துக்கு வெகுதூரமில்லாத ஆண்டுகள் அவை. இரு தரப்புக்கும் வேண்டிய இடமாக அது இருந்தது நன்மையாயிற்று. காலம் பிழைத்த கதைகள், நீளம் தவறிய வாள்கள், கள்ளச் சொல்லிலக்கணம் எல்லாம் சேர்ந்துதான் அந்த மேட்டின் புகழ். அப்புகழ் இல்லாவிட்டால் சில மீட்டர் உயர மண்ணுக்காகச் சுண்ணாம்புக்கல்லை யார் விட்டுக்கொடுப்பார்கள்? 1993இல் அருகே ஒரு பார்வையாளர் மையம் திறந்தார்கள். 2001இல் பணமின்றி மூடி, 2005இல் மீண்டும் திறந்தார்கள். இன்று மக்கள் ஏறும் மேடு, அகழாய்வு முடிந்தபின் மண்ணை மறுபடி குவித்து வடிவமைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2020இல் பெல்ஃபாஸ்ட், அபர்தீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டாமலே, கருவிகளால் மண்ணின் மின்தடையையும் காந்தப்புலத்தையும் அளந்து பார்த்து, புல்லுக்கடியில் இன்னும் பல வட்டக்கட்டடங்களின் தடங்களும், கிறித்தவக் காலத்துக் குடியிருப்புகள் என்று கருதத்தக்கவையும் இருப்பதாக வெளியிட்டார்கள். பாழாய்ப்போனது என்று துறவி பாடிய காலத்தில் அங்கே யாரோ இருந்திருக்கக்கூடும்.

மேட்டின் வடகிழக்குச் சரிவுக்குக் கீழே, குவாரிப் பள்ளத்தை ஒட்டி ஒரு சிறு ஏரி உண்டு. லாக்னஷேட் என்பது அதன் பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் சதுப்புக்கரையில் மண் வெட்டியபோது நான்கு பெரிய வெண்கல ஊதுகொம்புகள் கிடைத்தன. அருகே மனித மண்டையோடுகளும் கிடந்தன. இரும்புக்காலத்தில் யாரோ நீருக்குப் படையலாக இட்டவை. மூன்று கொம்புகள் எடுத்தவர்களின் கைமாறித் தொலைந்துபோயின. ஒன்று மட்டும் டப்ளின் அருங்காட்சியகத்தில், எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. ஆளுயர நீளம், மெல்லிய வெண்கலத் தகட்டை வளைத்து, மூட்டு நெடுகிலும் நுண்ணிய ஆணிகளால் இறுக்கியிருக்கிறார்கள், வாய்த்தட்டில் சுருள்சுருளான கொடிகள். ஐரிஷ் மொழியில் ஏரியின் பெயர் லாஹ் ந ஷேத். புதையல்களின் ஏரி என்று பொருள்.